இன்னைக்கு எந்த சேஸு?

கேட்டக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிடும். தெரியாமல் என்ன? டோக்கன் தெரியும், வெயிட் தெரியும், ராங் சைடு தெரியும், நோ பார்க்கிங் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே சேஸ் தெரியும். ஆஸ்பத்திரி கேட்டில் நின்று நின்றே கேட்டக்கா என்று பெயர் வாங்கியவளுக்கு அதற்கு மேல் இங்கிலீஷ் எதற்கு என்பது அவள் கட்சி.

இந்த வேலைக்கு முன்னால் அவள் துணி மடிக்கிற கம்பெனியில் இருந்தாள். காலையில் நின்றால் சாயங்காலம் வரை நிற்க வேண்டும். அந்தக் கம்பெனியை ஒருநாள் மூடிவிட்டார்கள். "நிக்கறதுதானே, அங்க நின்னா என்ன, இங்க நின்னா என்ன" என்று செக்யூரிட்டி வேலைக்கு வந்துவிட்டாள். நீலச் சட்டை, கறுப்பு பெல்ட், கழுத்தில் விசில். முதல் நாள் சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று வேலை சொல்லிக்கொடுத்தார். தமிழ் அவருக்குச் சுத்தமாக வராது. நாய் ஒன்று நிதானமாக உள்ளே வந்து ஆம்புலன்ஸ் ஏறும் சரிவில் படுத்தது. அவர் விரலை நீட்டி "சேஸ்" என்றார். இவள் கம்பைத் தூக்கினாள், நாய் ஓடியது, "குட்" என்றார். மறுநாள் கண்ணாடி விற்கிறவன் வாசலை அடைத்துக் கடை விரித்தான். அதற்கும் சேஸ். படியெல்லாம் எச்சம் போடுகிற புறாக்களுக்கும் சேஸ். சொல்லிக்கொடுத்தவர் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டார், சொல் மட்டும் இவளோடு தங்கிவிட்டது.

தங்கின சொல் சும்மா இருக்குமா? வீட்டுக்கும் வந்தது. கொசுவை சேஸ் பண்ணு, எறும்பை சேஸ் பண்ணு என்று ஒரே சேஸ்மயம். டயர் கடை வைத்திருக்கும் அவள் வீட்டுக்காரர், தன் தங்கை வருகிறாள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னால், "வரட்டும், யார் வேண்டாம்னா. ரெண்டு நாளைக்கு மேல தங்கினா சேஸ்தான்" என்பாள். அவர் அவளை மேடம் என்றுதான் கூப்பிடுவார். பாதி கேலி, பாதி பயம்.

மகள் காலேஜில் படித்தாள். ஒருநாள் சாப்பிடும்போது, "அம்மா, இன்னைக்கு ஒரு சார் சூப்பரா பேசினாரு. எல்லாரும் உங்க கனவை சேஸ் பண்ணுங்கன்னாரு" என்றாள்.

கேட்டக்காவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. "கனவைத் துரத்தி விடச் சொன்னாரா? வயசுப் பிள்ளைங்ககிட்ட சொல்ற பேச்சா இது? அந்த ஆளுக்கு வீட்ல ஏதோ பிரச்சினை."

மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது. தலையில் தட்டி, தண்ணீர் கொடுத்து, அதற்குள் போன் வந்து, அர்த்தம் சொல்ல வேண்டிய பெண் சொல்லாமலே எழுந்து போய்விட்டாள். அன்றைக்கு அவள் வாயைத் திறந்திருந்தால் பின்னால் வந்த கூத்து எதுவும் நடந்திருக்காது. ஆனால் அதுவும் நல்லதுக்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

இனித் தொப்பிக்காரருக்கு வருவோம். எழுபதைத் தாண்டிய ஒற்றை மனிதர். வெயிலோ மழையோ, தலையில் ஒரு பழுப்புத் தொப்பி. மாதம் ஒருமுறை பிரஷர் மாத்திரை வாங்கப் பழைய சைக்கிளில் வருவார். ஊரில் இடமே இல்லாதது போல் அந்தச் சைக்கிளை ஆம்புலன்ஸ் சரிவில்தான் சாய்ப்பார். கேட்டக்கா விசில் ஊதுவாள். "இது என்ன யானையா, ஓரமா நிக்கற சைக்கிள்தானேம்மா" என்பார் அவர். "ஆம்புலன்ஸ் வந்தா யானையும் ஒண்ணுதான், சைக்கிளும் ஒண்ணுதான்" என்பாள் இவள். போகும்போது கேட்டுக்குப் பக்கத்துக் குழாயில் பாட்டிலைக் கழுவுகிறேன் பேர்வழி என்று சேறாக்கிவிட்டுப் போவார். அவள் அவருக்கு வைத்த பெயர் தொப்பி, அவர் அவளுக்கு வைத்த பெயர் விசிலு. இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

அன்றைக்குக் காலை கூட்டம் நெரித்தது. மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருந்த பெண்ணை எல்லாரும் மாத்திரை மேடம் என்பார்கள். சின்ன வயசு, கெட்டிக்காரி, ஆனால் தமிழ் மூன்றே சொல்தான் தெரியும்: வாங்க, போங்க, சாப்பாட்டுக்கு அப்புறம். மற்றதெல்லாம் இங்கிலீஷ். கேட்டக்காவுக்கு அவளைப் பிடிக்கும், ஏனென்றால் அவள் பேசினால் பதிலுக்குத் தன் இங்கிலீஷையும் எடுத்துவிடலாம்.

கேட்டில் இருந்த இன்டர்காம் அலறியது. எடுத்தால் மாத்திரை மேடம்தான், மூச்சு வாங்குகிறது. "அக்கா, தி ஓல்ட் மேன், தி கேப். சேஸ் ஹிம். க்விக், க்விக், சேஸ் ஹிம்."

கேட்டக்காவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல் இருந்தது. எத்தனை மாதமாக இந்த மனிதரோடு தனியாக மல்லுக்கட்டுகிறாள், இப்போதுதான் நிர்வாகத்துக்குக் கண் திறந்திருக்கிறது. "ஓகே மேடம்" என்று சொல்லிவிட்டு பெல்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினாள்.

தொப்பிக்காரர் குழாயடியில்தான் நின்றிருந்தார். மருந்துப் பை கக்கத்தில். காலி பாட்டிலை முதல்முறை அலசி ஊற்றிவிட்டு மறுபடி குழாய்க்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தார். கேட்டக்கா போன வேகத்தில் குழாயை மூடினாள்.

"பெரியவரே, கிளம்புங்க."

"இரும்மா, கொஞ்சம் தண்ணி பிடிச்சுக்கறேன்."

"தண்ணியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. மேலிடத்து உத்தரவு. வண்டிய எடுங்க. இனிமே இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாது."

"ஏம்மா, வைத்தியத்துக்கு வர்றவன்கிட்ட பேசற பேச்சா இது?"

"ஊர்ல வேற ஆஸ்பத்திரியே இல்லையா? எடுங்கன்னா எடுங்க." சொன்னதோடு விடாமல் சைக்கிளைத் தானே நிமிர்த்தி, கேட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினாள். விசிலை வேறு ஒரு நீட்டு நீட்டினாள்.

அவர் சண்டை போடவில்லை. அதுதான் ஆச்சரியம். தொப்பியைச் சரி செய்துகொண்டு அவளை ஒரு தரம் பார்த்தார். "நாயை விரட்டற மாதிரி விரட்டறியேம்மா. நல்லா இரு" என்றார். ஏறி மிதித்துக்கொண்டு மேம்பாலம் பக்கமாகப் போய்விட்டார்.

அந்த 'நல்லா இரு' அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். ஆனாலும் உத்தரவு உத்தரவுதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு திரும்பினால், மாத்திரை மேடம் ஓடி வருகிறாள். ஒரு காலில் செருப்பு இல்லை.

"வேர் இஸ் ஹி?"

"சேஸ்டு மேடம்" என்றாள் கேட்டக்கா, நெஞ்சை நிமிர்த்தி. "ஃபுல் சேஸ்."

மாத்திரை மேடத்துக்கு முகம் மலர்ந்தது. கேட்டக்காவின் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள், தொப்பிக்காரரை அங்கே ஒளித்து வைத்திருப்பது போல. யாரும் இல்லை. "பட் வேர்?"

"கான் மேடம். நோ கம். நெவர் கம்."

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்ததைப் பார்த்ததும்தான் கேட்டக்காவுக்கு ஏதோ இடறியது. டோக்கன் கொடுக்கிறவர் பின்னாலேயே ஓடி வந்தார். அவருக்கு இரண்டு பாஷையும் தெரியும்.

"அக்கா, என்ன காரியம் பண்ணீங்க. ஓடிப் போய்ப் பிடிச்சுக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க, துரத்தி விடச் சொல்லல."

"சேஸ்னுதானே சொன்னாங்க?"

"அதேதான் சேஸு. அவர் டோக்கன் ஆறு. வட்டத் தகடா, தலைகீழா நீட்டிட்டாரு, ஒன்பதாம் நம்பர் பை அவர்கிட்ட போயிடுச்சு. ஒன்பதாம் நம்பர் அம்மா தன்கிட்ட வந்த இவரோட பையைத் திறந்து பார்த்து, இது எங்க மாத்திரை இல்லையேங்கறாங்க. அவங்களுக்குச் சர்க்கரை ஜாஸ்தி, அதை இறக்கற மாத்திரை அது. இவருக்குச் சர்க்கரையே கிடையாது. போட்டார்னா ஒரேயடியா இறங்கி மயக்கம் வந்துடும். வீட்ல தனியா இருக்கற மனுஷன், விழுந்தா கேட்க நாதி இல்ல."

போன் செய்தார்கள். தொப்பிக்காரர் கொடுத்திருந்தது வெளியூரில் இருக்கும் யாரோ உறவுக்காரர் நம்பர், அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. விலாசம் என்று மேம்பாலத்துக்கு அந்தப் பக்கத் தெரு மட்டும்தான் இருந்தது, வீட்டு நம்பர் இல்லை. அவர் போன வழியைக் கண்ணால் பார்த்தவள் இவள் ஒருத்திதான். என் வாயால ஒரு உயிர் போகப் போகுது என்று நினைத்தாள். "கேட்டைப் பார்த்துக்கோங்க" என்று டோக்கன்காரர் கையில் கம்பைத் திணித்துவிட்டு ஓடினாள்.

ஓட்டம் என்றால் என்ன ஓட்டம். துணி மடித்து மடித்துத் தேய்ந்த முழங்கால், இடுப்பில் பெல்ட், ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயசு. லாண்டரிக் கடையைத் தாண்டினாள், பிளாஸ்டிக் வாளி அடுக்கிய கடைகளைத் தாண்டினாள். தினமும் அவளிடம் அடி வாங்குகிற நாய் எதிரே வந்தது. இவள் ஓடுவதைப் பார்த்து முதலில் பயந்தது, தன்னை விட்டுவிட்டு ஓடுகிறாள் என்று தெரிந்ததும் சந்தோஷமாகப் பின்னாலேயே ஓடி வந்தது. அதைப் பார்த்து வாளிக் கடைக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும், மானம் பார்க்கிற நேரமா அது.

மேம்பாலத்துக்கு முந்தின சந்தில் பழுப்புத் தொப்பி தெரிந்தது. போன உயிரில் பாதி வந்தது. கைக்கு வந்ததைச் செய்தாள், அதாவது விசிலை வாயில் வைத்து ஊதினாள். தொப்பிக்காரர் திரும்பினார். நீலச் சட்டையும் விசிலும் நாயுமாகத் தன்னை நோக்கி ஓடி வருவதைப் பார்த்தார். பார்த்ததும் பெடலை ஓங்கி மிதித்தார்.

"நில்லுங்க" என்று கத்தினாள். கேட்டில் நின்று பழகின தொண்டை, அதில் கெஞ்சினாலும் அதட்டலாகத்தான் வரும். அவர் இன்னும் வேகமாக மிதித்தார். "யோவ், நில்லுய்யா" என்றாள். சைக்கிள் சந்தைத் தாண்டி ஏற்றத்தில் ஏறியது. அங்கே அவரால் மிதிக்க முடியவில்லை, இறங்கித் தள்ளினார். தள்ளிக்கொண்டே திரும்பிப் பார்த்து, "இன்னும் என்னம்மா வேணும் உனக்கு? உன் ஆஸ்பத்திரியை விட்டுத்தான் வந்துட்டேனே. ரோடும் உங்களுதா?" என்றார். குரல் நடுங்கியது. அது கோபம் மட்டும் இல்லை, அந்த மனிதர் நிஜமாகவே பயந்திருந்தார்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தான் ஓட ஓட அவர் ஓடுகிறார். விசில் ஊத ஊத விலகுகிறார். கூப்பிடத்தான் ஓடி வருகிறாள், ஆனால் இந்த உடம்பு, இந்தச் சத்தம், இந்த ஓட்டம் எல்லாமே போ போ என்று சொல்லியே பழகியவை. வா என்று யாரையும் கூப்பிட்ட ஞாபகம் கேட்டக்காவுக்கு இல்லை. விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிப் பைக்குள் போட்டாள். பூட்டிக் கிடந்த ஒரு கடையின் படியில் அப்படியே உட்கார்ந்தாள்.

"அண்ணே" என்றாள். "என்னால முடியலண்ணே."

அவ்வளவுதான் சொன்னாள், அதுவும் பாதி அழுகையில். சைக்கிள் நின்றது. தொப்பிக்காரர் வண்டியைத் திருப்பி, ஏறின ஏற்றத்தையே இறங்கி வந்தார்.

"என்னம்மா, நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"

"அதெல்லாம் இல்லண்ணே. அந்தப் பையில இருக்கறது உங்க மாத்திரை இல்ல. மாறிப் போச்சு. போட்டீங்களா? முதல்ல சொல்லுங்க, போட்டீங்களா?"

அவர் பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அந்த ஒரு நிமிஷத்தில் கேட்டக்கா எத்தனை வேண்டுதல் வேண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. ஓடி வந்த தாகம் வேறு. அவர் கையில் இருந்த பாட்டிலைக் காட்டி, "கொஞ்சம் தண்ணி கொடுங்கண்ணே" என்றாள்.

தொப்பிக்காரர் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு விழவில்லை.

"தண்ணி எங்கம்மா இருக்கு? வாங்கின கையோட ஒண்ணு போட்டுடறதுதான் என் வழக்கம். வீட்டுக்குப் போனா மறந்துடும். அதுக்குத்தானே ஒவ்வொரு தடவையும் அந்தக் குழாய்கிட்ட நிக்கறேன். இன்னைக்கு நீதான் பிடிக்க விடலையே. தண்ணி இருந்திருந்தா அங்கேயே முழுங்கியிருப்பேன்."

சொன்னது கேட்டக்காவின் மண்டைக்குள் இறங்கச் சற்று நேரம் பிடித்தது. இறங்கியதும் முந்தானை இல்லாததால் சட்டைக் கையால் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். "என் வயித்துல பாலை வார்த்தீங்கண்ணே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை எல்லார் வீட்டிலும் உண்டு, குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையார் ஆனது இவளுக்கு மட்டும்தான். தொப்பிக்காரருக்கு ஒன்றும் முழுசாகப் புரியவில்லை. ஆனால் ஒரு மனுஷி இப்படி அழும்போது சும்மா நிற்க முடியாமல் தொப்பியைக் கழற்றி அவளுக்கு விசிறினார். நாய் இருவருக்கும் நடுவில் படுத்துக்கொண்டது.

திரும்பி வரும்போது சைக்கிளை அவள்தான் தள்ளினாள். வழியில் ஆறு, ஒன்பது, சேஸ் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். "அப்ப முதல்ல என்னை விரட்டினதும் சேஸு, அப்புறம் பிடிக்க வந்ததும் சேஸா?" என்றார் அவர். "அப்படித்தான் சொல்றாங்கண்ணே." "நல்ல பாஷை" என்றார்.

கேட்டில் மாத்திரை மேடம் இன்னும் ஒற்றைச் செருப்போடுதான் நின்றிருந்தாள். தூரத்தில் தொப்பியைக் கண்டதும் தனக்குத் தெரிந்த மூன்று தமிழ்ச் சொல்லில் ஒன்றைக் கொட்டினாள்: "வாங்க, வாங்க, வாங்க." தப்பான பையை வாங்கிக்கொண்டு பிரித்தே பார்க்காத அட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பிறகுதான் அவளுக்கும் அழுகை வந்தது. சரியான மாத்திரை வந்ததும் கேட்டக்கா பாட்டிலை வாங்கி, அலசி, குழாயை நன்றாகத் திறந்துவிட்டுத் தானே நிரப்பிக் கொடுத்தாள். சேறாகத்தான் செய்தது, அதை யாரும் பார்க்கவில்லை.

நிர்வாகி கூப்பிட்டனுப்பியபோது வேலை போயிற்று என்றுதான் கேட்டக்கா உள்ளே போனாள். கூடவே தொப்பிக்காரரும் கூப்பிடாமலே போனார். "இந்தம்மா என்னைத் துரத்தினது தப்புதான்" என்றார் அவர். "ஆனா துரத்தலன்னா நான் உங்க குழாயடியிலயே முழுங்கியிருப்பேன். யோசிச்சுப் பேசுங்க." நிர்வாகி யோசித்தார். கேட்டக்காவை ஒன்றும் செய்யவில்லை. ஒன்பதாம் நம்பர் தகட்டை மட்டும் வேலையை விட்டுத் தூக்கினார்கள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மகள் விளக்கம் சொன்னாள். "சேஸ்னா பின்னாடியே ஓடிப் போய்ப் பிடிக்கப் பார்க்கறது. சேஸ் அவேன்னு சேர்த்துச் சொன்னாத்தான் துரத்தி விடறது. அவே முக்கியம்மா."

"ரெண்டுக்கும் ஓடப் போறது நான்தானே. இத்தனூண்டு அவேயைச் சொல்ல அவங்களுக்கு வாய் வலிக்குதா?"

"தமிழ்ல அப்படிக் குழப்பம் வராது" என்று வீட்டுக்காரர் நடுவில் புகுந்தார்.

"வராதா? நாயைத் துரத்துங்கறோம், எதுக்கு? போகறதுக்கு. திருடனைத் துரத்துங்கறோம், எதுக்கு? பிடிக்கறதுக்கு." கேட்டக்கா குழம்புக் கரண்டியை அவர் பக்கம் நீட்டினாள். "என்ன பெரிய தமிழ். அதுவும் இதுவும் ஒரே லட்சணம்தான்."

மகள் தன் தட்டை அந்தக் கரண்டிக்குக் கீழே நீட்டினாள்.

"அப்ப உங்க சார் கனவைத் துரத்திப் பிடிக்கத்தான் சொன்னாரா?" என்று கேட்டாள் கேட்டக்கா. மகள் தலையாட்டினாள். "பாவம் அந்த மனுஷன். நான் என்னென்னமோ நினைச்சுட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. ரொம்ப விரட்டினா அது ஓடிடும். கொஞ்சம் உட்கார்ந்து கூப்பிட்டுப் பாரு."

அடுத்த மாதம் தொப்பிக்காரர் வர வேண்டிய நாளில் கேட்டக்காவின் கண் ரோட்டிலேயே இருந்தது. வருவாரோ, மனசு விட்டுப்போய் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாரோ. வெயில் ஏறின பிறகுதான் பழுப்புத் தொப்பி தெரிந்தது. அவர் வந்தார், ஆனால் உள்ளே நுழையவில்லை. கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னைக்கு எந்த சேஸு?" என்று கேட்டார்.

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் கால் கேட்டைத் தாண்டவில்லை, பதிலுக்காகக் காத்திருந்தது. கேட்டக்கா ஒரு கதவு மட்டும் திறந்திருந்த கேட்டில் இன்னொரு கதவையும் இழுத்துத் திறந்தாள்.

"நீங்க உள்ள வாங்கண்ணே" என்றாள். "வண்டி மட்டும் வெளியில நிக்கட்டும்."